பிரியாவிடைப் பெரட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சீனியர் பரீட்சை எழுதி முடித்து வெளியேறுகிறவர்களுக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளியேறுகிறவர்கள்தான் சின்னவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் உயில் ஒன்று வாசிப்பார்கள். பின்வரிசை வாங்குப் பலகையை மூன்று கால்களோடு ஐந்தாம் வகுப்புக்கு விட்டுச் செல்கிறோம், ஆங்கில வாத்தியாரின் தும்மலைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று இப்படிப் போகும். நான் சின்னவனாக இருந்தபோது அந்த உயிலைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஒரு வருஷம் யாரோ எனக்கு ஒரு ஓட்டை மைக்கூட்டை எழுதி வைத்தார்கள். அதைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நாங்கள் வெளியேறிய வருஷம் முதலாம் உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பதுளைக்கு ரயில் இன்னும் வந்து சேரவில்லை. வகுப்பில் ஏழு பேர். உயில் வாசித்து வாசித்துப் புளித்துவிட்டது, வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "பெரட்டுப் போடுவோம்" என்று சொன்னவன் நான்தான். இன்றைக்கு அதை வேறு யார் மேலும் போட முடியாது.

பெரட்டு என்றால், தேயிலைத் தோட்டங்களில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வருவார், கணக்கப்பிள்ளை பேரேட்டோடு நிற்பார், வேலை வாங்கும் கங்காணிமார் தங்கள் தங்கள் ஆட்களோடு நிற்பார்கள். நாங்களும் அதைப் போலச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு ஆளுக்கொரு கோணங்கி வேலை கொடுப்பது என்று திட்டம் போட்டோம். துரை வேஷம் எனக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துரைத் தமிழை என்னைப் போலப் பேச அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது.

நான் அதைக் கற்ற இடம் எங்கள் கடை. அப்பா ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்தவர். மழைக்காலம் தொடங்குமுன் தோட்டங்களுக்குக் கம்பளி அனுப்புவோம். பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவே இருந்த ஒரு தோட்டத்தின் துரை மட்டும் யாரையும் நம்பாமல் தானே குதிரையில் வந்து கம்பளியைத் தடவிப் பார்ப்பார். "இது கம்பிளி நல்லம் இல்லை! மழை உள்ளே வரும்! ஆள் காய்ச்சல் போகும்!" என்று கடை அதிரக் கத்துவார். நான் துணி அடுக்கின் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். அவர் போனதும் அதே குரலில் அப்பாவிடம் சாப்பாடு கேட்பேன். அப்பாகூடச் சில நாள் சிரித்துவிடுவார். குரலை அடித்தொண்டையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு சொல்லின் முடிவையும் நாய் கடித்து இழுப்பது போல இழுக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

டிசம்பர் விடுமுறைக்கு முந்திய நாள். பிற்பகலில் மண்டபத்தில் கூட்டம். சின்னவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கதிரைகளில் வாத்தியார்மார். விடுதிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த தகப்பன்மாரையும் தலைமை ஆசிரியரான பாதிரியார் உள்ளே அழைத்துக் கதிரையில் உட்கார வைத்திருந்தார். பாதிரியார் இங்கிலீஷ்காரர்தான் என்றாலும் அவருக்கும் தோட்டத் துரைமாருக்கும் அவ்வளவு ஒட்டாது. பெரட்டுப் போடப் போகிறோம் என்று சொன்னபோது, "யார் துரை?" என்று மட்டும் கேட்டார். நான் என்றதும் சிரித்தார்.

இரண்டாம் வரிசை ஓரத்தில் பெரிய கங்காணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னேனே, கம்பளி தடவும் துரை, அவருடைய தோட்டத்துப் பெரிய கங்காணி அவர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, காதில் கல் பதித்த கடுக்கன், தலையில் சரிகைத் தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. எங்கள் கடைக்கு அவர் வந்தால் அப்பா எழுந்து நின்று தன் இடத்தைக் கொடுப்பார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் இருந்தான். ஏழு வயதிலேயே கொண்டுவந்து விடுதியில் விட்டுவிட்டார்கள். அவன் முன்னால் பாயில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தான்.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். ஆனால் வேஷம் கட்டும்போது இதில் ஒன்றாவது என் நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த ஒருவருடைய மகனான என் பறங்கி நண்பன், தன் மாமாவின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தான். அவன்தான் கணக்கப்பிள்ளை. எங்கள் வகுப்பிலேயே பருத்தவனான சிங்கள நண்பன் ஒருவன் துரையின் நாயாக நாலு காலில் வந்தான். இன்னொருவன் படுக்கை விரிப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு, கங்காணி வேஷத்தில் மண்டபத்தின் பின்கதவுக்கு வெளியே காத்திருந்தான். நான் கூப்பிட்டதும் அவன் தூங்கி எழுந்தவன் போல ஓடிவர வேண்டும்.

மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினார்கள். நான் நாயோடு மேடைக்கு வந்தேன். கரி மீசை, பப்பாளித் தண்டில் செய்த, புகைபிடிக்கும் சுங்கான். நாய் பாதிரியாரின் சப்பாத்தை முகர்ந்தது. அதற்கே மண்டபம் கவிழ்ந்துவிட்டது.

"கணக்கப்பிள்ளே! எத்தனை ஆள் வந்தது?"

"எல்லா ஆளும் வந்திருச்சிங்க தொரைகளே!"

"எல்லா ஆள் எத்தனை?"

"வந்த ஆள்தாங்க தொரைகளே!"

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கணக்கில் எப்போதும் உதை வாங்கும் பையன் ஒருவனை நிறுத்தி, "நீ! கணக்கு வாத்தியார் மலை போ! அங்கே அடி பறிக்கும்! ரெண்டு கூடை நிறைய அடி, பின்னேரம் கொண்டு வா!" என்றேன். கணக்கு வாத்தியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொய்யாத் திருடன் ஒருவனைக் கொய்யா மரத்துக்குக் காவல் போட்டேன். "கொய்யா தின்னும் ஆள் நீ பிடிக்கும். நீ தின்னும், நீ உன்னைப் பிடிக்கும்!" சின்னப் பிள்ளைகள் பாயில் புரண்டார்கள். ஒரு கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்துச் சிரிக்கிற சுகம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலை கிறுகிறுத்தது.

அடுத்தது கங்காணியைக் கூப்பிடும் இடம். பின்கதவைப் பார்த்து, என் தொண்டையில் இருந்த அத்தனை பலத்தையும் கூட்டி, கடையில் நான் கேட்ட அந்தத் துரையின் குரலை அப்படியே எடுத்துக் கத்தினேன்.

"கங்காணி! எங்கே போச்சி கங்காணி? தூங்கும் கங்காணி! முன்னாலே வா!"

இரண்டாம் வரிசையில் கதிரை ஒன்று தரையில் தேய்ந்து பின்னால் விழுந்தது.

பெரிய கங்காணி எழுந்து நின்றார். விடிகாலையில் வண்டி கட்டிப் புறப்பட்டு, மலை இறங்கி ஏறி வந்த அலுப்பில் அவர் கண்ணயர்ந்திருக்கிறார். அது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அந்தச் சரிகைத் தலைப்பாகை அவர் கக்கத்துக்குப் போயிருந்தது. பிரம்பு தரையில் கிடந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டி, முதுகை வளைத்து, நரைத்த வெறுந்தலையைக் குனிந்து நின்றார்.

"வந்துட்டேங்க தொரைகளே."

அந்தக் குரல் அவருடையதே அல்ல. எங்கள் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களை அதட்டுகிற குரலை நான் கேட்டிருக்கிறேன். இது மெலிந்து, பிள்ளைக் குரல் மாதிரி வந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவரும் கூத்தில் ஒரு ஆள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, சரியாகச் சொல்ல வேண்டுமானால், அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். சிரிப்பு அவ்வளவு பெரிதாக இருந்தது. அதை விட மனமில்லை. எழுதி வைத்திருந்த அடுத்த வசனத்தை அவரைப் பார்த்தே கத்திவிட்டேன்.

"நீ வேலை இல்லை செய்யும்! துண்டு கொடுக்கும்! தோட்டம் விட்டுப் போ!"

துண்டு என்பது ஒருவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு.

"தொரைகளே, புள்ளகுட்டிக்காரனுங்க. பெரிய மனசு பண்ணனும்" என்றார் அவர்.

அவர் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பின்னால் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். முதலில் தொப்பியைப் பார்த்தார். பிறகு கரி மீசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துணிக்கடைக்காரர் மகன் என்று அவர் கண்டுகொண்ட அந்தக் கணத்தை நான் மேடையில் நின்று பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தெருவில் உடுத்திய துணி அவிழ்ந்துவிட்ட ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார்.

பாயில் எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவருடைய மகன். அவன் அழவில்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலத் தன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார். அது சரியாக உட்காரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். பின்கதவில் எங்கள் கூத்துக் கங்காணி படுக்கை விரிப்போடு நின்றுகொண்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான். கட்டி முடித்ததும் அவர் பிரம்பை எடுத்துக்கொண்டு மகனைப் பார்த்து, "வா, போவம்" என்றார். அவன் எழுந்து போனான். பாதிரியார் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடி ஏதோ சொல்ல முயன்றார்.

"ஒண்ணுமில்லீங்க. வண்டிக்கு நேரமாச்சு" என்று பெரிய கங்காணி சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

கூத்து அதோடு நின்றது. கடைசியாகப் பாட வேண்டிய பாட்டைப் பாடினோம். வெளியே வந்ததும் என் பறங்கி நண்பன் என் தோளைப் பிடித்து, "அவருக்கு மொதல்லயே சொல்லி வச்சிருந்தியா? என்னா நடிப்பு!" என்றான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் தொப்பியை அவன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேருமுன் செய்தி கடைக்குப் போய்விட்டது. அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எந்திரிச்சு நின்னு எடம் குடுக்கிற மனுசன். அவர நீ எந்திரிக்க வச்சிட்டியே."

அவ்வளவுதான்.

ஜனவரி பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு இனி அங்கே வேலையில்லை, கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் விடுதிப் பிள்ளைகள் கடைத்தெருப் பக்கம் வரும்போது விசாரித்துக்கொண்டே இருந்தேன். பெரிய கங்காணியின் மகன் வரவில்லை என்றார்கள். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, வரவில்லை.

அந்த மாதம் மழை விடவே இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து இன்னும் கம்பளி கேட்டு ஆள் வந்தது. வண்டியோடு நானும் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"நீ என்னத்துக்கு?"

"மன்னிப்புக் கேக்கணும்ப்பா."

அப்பா கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார். "போ. ஆனா அந்த வார்த்தைய மட்டும் வாயில எடுக்காத. எடுத்தா அவருக்கு ரெண்டாந் தடவையும் நடந்த மாதிரி ஆயிரும்" என்றார்.

விடியலில் புறப்பட்ட மாட்டு வண்டி நடுப்பகலில் பசறையைத் தாண்டியது. பாதி வழி நானும் இறங்கி நடந்தேன், மாடுகளுக்கு ஏற்றம் அவ்வளவு கடினம். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லயங்கள், அதாவது ஆட்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகள், மழையில் புகைந்துகொண்டு நின்றன. அவற்றுக்குச் சற்று மேலே பெரிய கங்காணியின் வீடு தனியாக இருந்தது.

அவர் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க தம்பி, வாங்க. நனைஞ்சிட்டீங்களே. உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். உட்கார வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் கை காப்பிச் செம்பை நீட்டியது. அவரே வாங்கி என்னிடம் கொடுத்தார். அப்பாவின் உடம்பைப் பற்றிக் கேட்டார், பதுளையில் மழை எப்படி என்று கேட்டார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் காப்பிச் செம்பைக் கீழே வைத்தேன். அப்பா சொன்னதை மறந்துவிட்டேன்.

"அன்னைக்கு நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னைக்கு?" என்றார் அவர்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் எழுந்து போய்க் கம்பளிக் கட்டுகளை இறக்கச் சொல்லிவிட்டு வந்து, "காலையில வெள்ளன எந்திரிச்சு வாங்க தம்பி. பெரட்டுப் பாத்துட்டுப் போகலாம். நீங்க பாத்ததில்ல போலிருக்கு" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா, உபசாரமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிழக்கு வெளுக்குமுன் கொம்பு ஊதினார்கள். பெரட்டுக் களத்துக்கு நான் போனபோது ஆட்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் கம்பளியைத் தலையோடு போர்த்தி, மூடுபனியில் முகமில்லாத உருவங்களாக வரிசையில் நின்றார்கள். என்னுடைய கூத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நாய் குரைத்தது, தகரம் முழங்கியது. இங்கே இருமல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

துரை குதிரையில் வந்தார். எங்கள் கடையில் கத்தும் அதே துரை. அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. குதிரை மேலிருந்தபடி, தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக் குனிந்து நின்ற பெரிய கங்காணியிடம் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். கடையில் அவருக்காகக் கத்த ஆள் இல்லை. இங்கே அதற்கு ஒரு ஆள் இருந்தார்.

பெரிய கங்காணி திரும்பி ஆட்களைப் பார்த்துக் கத்தினார். அடித்தொண்டையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு சொல்லின் முடிவையும் இழுத்து.

நான் மூன்று வருஷம் பழகிய குரல், மண்டபத்தைக் கவிழ்த்த குரல், இவருடையது மாதிரியே இருந்தது. துரை இவரிடம் கற்றாரா, இவர் துரையிடம் கற்றாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வயதானவர் பிந்தி ஓடிவந்தார். பெரிய கங்காணியின் வெள்ளிப் பூண் பிரம்பு அவர் முதுகில் இறங்கியது. கம்பளி மேல் விழுந்ததால் சத்தம் மந்தமாக வந்தது. கிழவர் வரிசையில் போய் நின்றார். எங்கள் கடைக் கம்பளி அது. ஓரத்துக் கோடு எனக்கு அடையாளம் தெரியும்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் பேரேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பெரிய கங்காணியின் மகன். அவன்தான் பேர் கூப்பிட்டான். தன் தாத்தா வயதில் இருந்தவர்களை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் தலைத்துணியை இறக்கி, "இருக்கேங்க" என்றார்கள். அவன் குரல் உடைகிற வயது. சில பேர்களில் கீச்சென்று போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

ஆட்கள் மலைக்குப் பிரிந்து போனார்கள். துரை போய்விட்டார். பெரிய கங்காணி ஆட்களின் பின்னால் ஏறிப் போனார். பையன் பேரேட்டை மூடிக்கொண்டு என்னைக் கடந்து நடந்தான். நான் அவனை வண்டியடியில் நிறுத்தினேன்.

"பள்ளிக்கூடம் தொறந்து எவ்வளவு நாளாச்சு. ஏன் வரல?"

"வரலண்ணே."

"அப்பா வேணான்னுட்டாரா?"

"அப்பா போ போன்னுதான் அடிக்கிறாரு. நான்தான் வரல."

"அங்க யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடா. பாதிரியார் ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

அவன் பேரேட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "அங்க எல்லாரும் பாத்துட்டாங்கல்ல" என்றான்.

"பாத்தா என்ன? இங்கயும்தானே..."

"இங்க எல்லாருக்கும் தெரியும்ண்ணே. தொர வந்தா அப்பா அப்பிடித்தான் நிப்பாரு. லயத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. லீவுக்கு வந்தா என்னைய பெரட்டுப் பக்கம் விட மாட்டாரு." பிறகு, "இனி மறைச்சு என்னான்னு விட்டுட்டாரு. இப்ப தெனமும் பாக்குறேன்" என்றான்.

அந்த மனிதர் ஏன் மகனை ஏழு வயதில் மலையை விட்டு அனுப்பினார் என்பது எனக்கு அந்த வண்டியடியில்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் பத்திரமாக மறைத்து வைத்திருந்ததை நான் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷத்தில், பிள்ளையைத் திரும்பிப் பார்க்க வைத்து அவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

"என்னாலதான்டா" என்றேன். "நான் வேணும்னு செய்யல."

"தெரியும்ண்ணே" என்றான். பிறகு திடீரென்று, "எனக்கு என்னா வேல வச்சிருந்தீங்க?" என்று கேட்டான்.

"எப்ப?"

"அன்னைக்கி. எல்லாருக்கும் வேல குடுத்தீங்கல்ல. என்னையக் கூப்பிடலயே."

அவனுக்கு நான் மணி அடிக்கும் வேலை எழுதி வைத்திருந்தேன். ஒரு தடவை அவன் பள்ளிக்கூட மணிக் கயிற்றில் தொங்கி விளையாடி, பாதிப் பாடத்தில் மணி அடித்து, பள்ளி முழுவதும் வெளியே ஓடிவந்துவிட்டது. "ஒனக்கு மணி அடிக்கிற வேல. கணக்குப் பாடத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே அடிக்கணும்னு எழுதியிருந்தேன்" என்றேன்.

அவன் சிரிக்கப் போனான். உதடு பிரிந்தது. மேலே மலையில் அவனுடைய அப்பாவின் குரல் கேட்டது, யாரையோ அதட்டியது. உதடு மூடிக்கொண்டது.

"வந்து அடி" என்றேன். "ஒரு நாளைக்காவது வந்து அடிச்சிட்டுப் போ."

மழை தொடங்கியது. பேரேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

பதுளைக்குத் திரும்பி வந்து பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கூத்துக்குச் சிரித்தவர்களில் தானும் ஒருவர் என்றார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார், வெளியேறுகிறவர்கள் எல்லோருக்கும் பணிசு ரொட்டியும் தேநீரும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. பையனுக்குக் கடிதம் எழுதினார். நானும் எழுதினேன். பதில் வரவில்லை.

சித்திரை கழிந்த ஒரு பிற்பகலில் எங்கள் கடைக்கு ஒரு அம்மா வந்தார். கண்டாங்கிச் சேலை, கழுத்து நிறைய நகை, காலில் செருப்பில்லை. தெருவையும் கடையையும் மிரட்சியோடு பார்த்தார். அவர் பதுளையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னார். அவர் பின்னால் தகரப் பெட்டியோடு அந்தப் பையன் நின்றான்.

"பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைத் துணி வேணுங்க. ரெண்டு சட்டைக்கு. கொஞ்சம் கூடவே வெட்டுங்க, வளர்ற புள்ள" என்றார் அப்பாவிடம். "அவுக வரல. நான்தான் கூட்டியாந்தேன்."

அப்பா எழுந்து அவருக்குக் கதிரை போட்டார். அவர் உட்காரவில்லை. நான் துணியை எடுத்து விரித்தபோது என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதான அன்னைக்கி எங்க வீட்டுக்கு வந்தீக? கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். காப்பி குடுத்தேன்ல?"

"ஆமாங்கம்மா."

"நல்லா இருப்பீக தம்பி. நீங்க வந்து பேசிட்டுப் போன பெறகுதான் இவன் கொஞ்சம் கொஞ்சமா மனசு மாறுனான். அதுக்கு முன்னாடி சோறே எறங்கல. யாரோ ஒரு பய, பள்ளிக்கூடத்துல தொர வேசம் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரரக் கேலி பண்ணிப்புட்டானாம். அது யாருன்னு அவுகளும் சொல்ல மாட்டேங்குறாக, இவனும் சொல்ல மாட்டேங்குறான். அந்தப் பய மட்டும் என் கண்ணுல பட்டா..."

கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அப்பா என்னைப் பார்க்காமல் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையனைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று கண்ணால் கேட்டேனா, சொல்லிவிடாதே என்று கேட்டேனா, எனக்கே தெரியாது.

அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"அவன் இப்ப அங்க இல்லம்மா. படிச்சு முடிச்சிட்டுப் போயிட்டான்" என்றான்.

"போகட்டும், எங்கிட்டோ நல்லா இருக்கட்டும்" என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "வெட்டுங்க தம்பி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."

நான் வெட்டினேன். கோணலாகப் போய்விட்டது. அப்பா அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, புதுத் துணி எடுத்துத் தானே அளந்து நேராக வெட்டிக் கொடுத்தார்.